இரண்டு கிழமையை எண்ணிப் பார்ப்பது: மனநிலை வினாக்கொத்தை நீங்களே நிரப்ப முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஒரு வாசிகசாலையின் பின்னறை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் மனநிலை வினாக்கொத்து நிரப்ப வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன். நான் வைத்தியரோ உளவளத்துணையாளரோ இல்லை. வாசித்துக் காட்டுவது, கூட்டிப் பார்ப்பது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, அவ்வளவுதான்.

பெரும்பாலும் நிரப்புவது பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுத் தாள். ஒன்பது கேள்விதானே, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று வருகிறார்கள். முடிந்தும் விடுகிறது. ஆனால் அப்படி முடித்த தாளில் பிழை இல்லாததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பிழையும் பெரும்பாலும் ஒரே பிழைதான்: தாள் "எத்தனை நாள்" என்று கேட்கிறது, நாங்கள் "எவ்வளவு நோகுது" என்று பதில் போடுகிறோம். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சரிசெய்யத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால் தாளை வைத்துவிட்டு 6ஆம் பகுதிக்குப் போங்கள், அல்லது 1926க்கு (இலங்கையின் இலவச மனநல உதவி இலக்கம்) அழையுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

1. பேனையை எடுக்கும் முன் ஒரு ஆளை முடிவு செய்யுங்கள்

எல்லாரும் இந்தப் படியைக் கடைசியில் வைக்கிறார்கள். எண் வந்த பிறகு யாரிடம் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினால் யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். மனம் சோர்ந்திருக்கும்போது "அவருக்கே ஆயிரம் பிரச்சினை" என்றுதான் தோன்றும். ஆகவே முதலே தெரிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த ஆள் மிக நெருங்கியவராக இருக்கவேண்டியதில்லை. பதறாதவராக இருந்தால் போதும். பெரியம்மா, கூடப் படித்தவர், வேலைத்தளத்தில் ஒரு அக்கா, பகுதி மிட்வைஃப், யாராகவும் இருக்கலாம். இப்போது உங்களோடு மனத்தாங்கலில் இருப்பவர் மட்டும் வேண்டாம். "சனிக்கிழமை ஒரு படிவம் நிரப்பப் போறன், பிறகு உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணையும், அதற்குக் கீழே 1926ஐயும் தாளின் மேல் மூலையில் எழுதுங்கள்.

நான் முதன்முதல் நிரப்பியது காணிப் பிரச்சினையில் தம்பியோடு சண்டை போட்ட இரவு, ஒரு மணிக்கு, போனில். 27க்கு 21 வந்தது. திரை சிவப்பாக மாறி "தீவிரம்" என்றது. விடியும்வரை அந்தச் சொல்லோடு தனியாகக் கிடந்தேன். மூன்று நாள் கழித்து காலண்டரை வைத்து நாளை எண்ணி நிரப்பியபோது 13. அந்த 13ம் வைத்தியரைப் பார்க்கவேண்டிய எண்தான், போய்ப் பார்த்தேன். ஆனால் அந்த இரவு வீணாக அனுபவித்த இரவு.

2. ஒரு தாளை மட்டும் தெரிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்களுக்கு இவற்றில் ஒன்று போதும்:

பி.எச்.கியூ-9: மனச்சோர்வுக்கு. ஒன்பது கேள்வி, கடந்த 2 கிழமை.

ஜி.ஏ.டி-7: ஓயாத யோசனை, பயம், பதகளிப்புக்கு. ஏழு கேள்வி, அதுவும் 2 கிழமை.

டபிள்யூ.எச்.ஓ-5: "எனக்கு என்ன என்றே தெரியவில்லை, ஆனால் சரியில்லை" என்பவர்களுக்கு. ஐந்து வசனம், ஐந்தும் நல்ல விதமாகவே கேட்கும். நோய் பற்றிய சொல்லே இல்லாததால் தயங்குபவர்களுக்கு இதிலிருந்து தொடங்குவது லேசு.

எடின்பரோ அளவுகோல்: பிள்ளை பெற்ற தாய்மாருக்கு. பத்துக் கேள்வி, கடந்த 7 நாட்கள் மட்டும். பிரசவத்துக்குப் பின் நித்திரையும் களைப்பும் எல்லாருக்கும் குழம்பித்தான் இருக்கும். அதனால் உடம்பைப் பற்றிய கேள்விகளை இதில் குறைத்திருக்கிறார்கள். பச்சை உடம்புக்காரிக்கு பி.எச்.கியூ-9ஐக் கொடுத்தால் எண் தேவையில்லாமல் ஏறக்கூடும்.

ஒரே இருப்பில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது தாளுக்குப் போனால் கை தானாகவே நடுப்பெட்டியில் அடையாளம் போடத் தொடங்கிவிடும்.

பி.எச்.கியூ-9, ஜி.ஏ.டி-7 இரண்டையும் நகலெடுக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, காசும் இல்லை. முடிவைக் காட்ட மின்னஞ்சலோ பணமோ கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். இரண்டுக்கும் தமிழ்ப் பதிப்புகள் கிடைக்கின்றன. கணினியை மொழிபெயர்க்கவிட்ட தாளை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு பிள்ளை கொண்டுவந்த தாளில் "கீழே உணர்தல்" என்று இருந்தது. பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர், "எதுக்குக் கீழ, மாடிப்படிக்கா?" என்று கேட்டார். நல்ல பதிப்பிலும் நடை எங்களுடையதாக இராது. "ஈடுபாடின்மை" என்று இருந்தால் "ஒண்டிலயும் மனம் போகுதில்ல" என்று உங்களுக்குள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

3. காலண்டரும் பத்து நிமிடமும்

தேவையானவை: அச்சடித்த தாள், பென்சில், சுவர்க் காலண்டர், ஒரு சின்னக் கொப்பி.

இன்றிலிருந்து பின்னோக்கி 14 நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் நடந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போயா லீவு, பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போன வெள்ளி, கரண்ட் பில் கட்டிய நாள், பிள்ளையை டியூஷனில் விட்டபோது மழை பிடித்த நாள். பிறகு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி: நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டை விட்டு வெளியே போனேனா.

இது எதற்கென்றால், "போன இரண்டு கிழமை எப்படி?" என்று கேட்டால் எங்கள் மனம் நேற்றையும் முந்தாநாளையும் மட்டும் எடுத்துக்கொடுக்கும். நேற்று நல்ல நாளென்றால் தாள் முழுக்க 0, கூடாத நாளென்றால் தாள் முழுக்க 3. காலண்டர் முன்னால் இருந்தால் மிச்சப் பன்னிரண்டு நாளும் வந்து சேரும்.

நேரம், சாதாரண நாளில் தேத்தண்ணி குடித்த பிறகு. சண்டை முடிந்த கையோடு வேண்டாம், காய்ச்சலுக்குள் வேண்டாம், வீட்டில் இறந்த ஒருவரின் 31ஆம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் வேண்டாம். அதற்காக நல்ல நாள் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். மூன்று மாதம் நாள் பார்த்தவரையும் எனக்குத் தெரியும். இந்தக் கிழமைக்குள் செய்துவிடுங்கள்.

4. நோவை விடுங்கள், நாளை எண்ணுங்கள்

பி.எச்.கியூ-9இல் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பெட்டிகள்: ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், அநேகமாக ஒவ்வொரு நாளும். 0, 1, 2, 3. "சில" என்றால் எத்தனை என்று ஆளுக்கு ஆள் அடிபடுவார்கள். இதே கேள்விகளை நாட்கணக்காகவே அச்சிட்ட பதிப்பும் உண்டு. அதன் கணக்கு இது:

0 அல்லது 1 நாள் என்றால் 0
2 முதல் 6 நாள் என்றால் 1
7 முதல் 11 நாள் என்றால் 2
12 முதல் 14 நாள் என்றால் 3

இதைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இப்போது கஷ்டமான இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதீர்கள், அறையை விட்டே வரவில்லை, மற்றப் பதின்மூன்று நாளும் வழமை போல என்றால் அந்தக் கேள்விக்கு 0. ஒருவர் இதற்கு என்னோடு கோபித்தே போய்விட்டார்: "நான் செத்துப் பிழைச்ச நாளுக்கு சைபரா?" அவர் பட்டதை இல்லையென்று தாள் சொல்லவில்லை. அதற்குத் தெரியவேண்டியது வேறு: பாரம் இறங்குகிறதா, இறங்காமலே கிடக்கிறதா? மனச்சோர்வு நோய் ஆளைத் தின்பது இறங்காமல் கிடப்பதால்தான்.

மறுபக்கம் இன்னும் மோசம். பாலையூற்றிலிருந்து வந்த ஒரு அக்கா எல்லாவற்றுக்கும் 0 போட்டிருந்தார். "எனக்கு அப்படிப் பெரிசா ஒண்டும் இல்ல தம்பி, சும்மா ஒரு மந்தம்." எத்தனை நாள் என்று காலண்டரைக் காட்டிக் கேட்டேன். விரல் ஒவ்வொரு கட்டமாகப் போனது. பதின்மூன்று. பெரிதாக நோகாததால் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அது 3.

இன்னொரு தவறு, காரணம் தெரிந்துவிட்டால் கழித்துவிடுவது. "கடன் கிடக்கு, அதாலதான் நித்திரை இல்ல, அது வருத்தமில்லைத்தானே" என்று 0 போடுவார்கள். தாள் காரணம் கேட்கவேயில்லை. நித்திரை இல்லாத இரவு 9 என்றால் 2தான். கடனைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். வைத்தியருக்கு அது வேண்டும், கூட்டலுக்கு வேண்டாம்.

நாட்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவும் தேவையில்லை. நித்திரை கெட்ட நாளும் மனம் சோர்ந்த நாளும் வேறு வேறாக இருக்கலாம். கேள்விக்குக் கேள்வி புதிதாக எண்ணுங்கள்.

5. கேள்வி கேள்வியாக: இடறும் இடங்கள்

*ஈடுபாடு.* "சமைக்கிறன், உடுப்புத் தோய்க்கிறன், எல்லாம் செய்யிறன்தானே" என்பார்கள். அது கடமை. கேள்வி மனநிறைவைப் பற்றியது. யாரும் சொல்லாமல் உங்களுக்காகவே செய்வது எது? பின்னேரத்தில் கடற்கரைக்கு நடப்பதோ, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவதோ, கிரிக்கெட் பார்ப்பதோ, அது இந்த 14 நாளில் எத்தனை நாள் சப்பென்று போனது என்று எண்ணுங்கள்.

*நித்திரை.* வராவிட்டாலும் கணக்கு, கூடினாலும் கணக்கு. இரண்டும் இருந்தால் ஒன்றையொன்று கழித்து 0 ஆக்கவேண்டாம், இரண்டு வகை நாட்களையும் கூட்டுங்கள். திருக்கடலூர், கிண்ணியாப் பக்கத்தில் இரவில் கடலுக்குப் போகிறவர்கள் "நாங்க ராவைக்கு நித்திரை கொள்றதே இல்லையே" என்று 3 போட்டுவிடுகிறார்கள். உங்கள் நித்திரை நேரம் பகலென்றால் பகலை எண்ணுங்கள். படுக்க நேரம் கிடைத்தும் கண் மூடாமல் கிடந்த நாள்தான் கணக்கில் வரும்.

*களைப்பு.* டெங்கு, சிக்குன்குனியா வந்து எழும்பியவர்களுக்குப் பல கிழமை உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். இரத்தம் குறைந்தவர்களுக்கும் அப்படியே. தாளில் உள்ளதை உள்ளபடி போடுங்கள், பக்கத்தில் காய்ச்சல் வந்த திகதியைக் குறியுங்கள்.

*பசி.* கந்தசஷ்டியின் ஆறு நாளும் நோன்பு மாதமும் இங்கே குழப்பும். விரதத்துக்காகச் சாப்பிடாமல் இருந்தது பசியின்மை ஆகாது. பாறணையிலோ நோன்பு துறக்கும்போதோ சாப்பாட்டைப் பார்த்து மனம் வந்ததா, இல்லையா? அதை எண்ணுங்கள். எரிச்சலில் கண்டபடி சாப்பிட்ட நாளும் இதே கேள்விக்குள்தான்.

*தன்னைப் பற்றிய தாழ்வு.* "நான் தோற்றவன்" என்று இருக்கும். எங்கள் ஆட்களுக்கு இது "பிள்ளைகளுக்கு ஒண்டும் செய்யேல்ல", "குடும்பத்தின்ர மானத்தை வாங்கிப்போட்டன்" என்ற உருவத்தில்தான் வரும். அதுவும் இதுதான்.

*கவனம்.* பத்திரிகை வாசிக்கும்போது என்று உதாரணம் கொடுத்திருப்பார்கள். பத்திரிகை வாசிக்காதவர், கடையில் மிச்சக் காசைத் திரும்பத் திரும்ப எண்ணியதையோ ஒரு வாட்ஸ்அப் குரல்செய்தியை மூன்று தரம் கேட்டதையோ நினைத்துப் பார்க்கலாம்.

*மெதுவாக அசைவது அல்லது நிலைகொள்ளாமல் திரிவது.* மூட்டு நோவுக்காரர் எல்லாரும் இதில் 3 போடுவார்கள். கேட்பது பிறர் கவனிக்கும் அளவுக்கான மாற்றத்தை. ஆகவே இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வீட்டில் ஒருவரைக் கேட்கலாம்.

மற்றவற்றுக்குக் கேட்கவேண்டாம். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், சரி. ஆனால் மனைவிக்குக் கணவரும் மகளுக்குத் தாயும் பதில் சொல்லும் தாள் கணவரையும் தாயையும் பற்றியதாகவே வந்து முடியும். பக்கத்தில் இருப்பவரைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டுத் தொடருங்கள்.

நெஞ்சுக்குள் பாரம், தலைக்குள் எரிவு, உடம்பு விறைப்பு, பெருமூச்சு: எங்கள் ஆட்கள் முதலில் சொல்வது இவற்றைத்தான். பி.எச்.கியூ-9 இவற்றைக் கேட்காது. அதற்காக விட்டுவிடாதீர்கள், தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

6. ஒன்பதாவது கேள்வி

செத்தால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா என்று இது கேட்கும். இதில் 0 தவிர எது வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்கவேண்டாம். மொத்தமே 4ஆக இருந்தாலும் இன்றைக்கே ஒருவரோடு கதைக்கவேண்டும். முதற்படியில் எழுதிய எண் இதற்குத்தான்.

நாளை எண்ணும் விதி இந்த இடத்துக்கு இல்லை. ஒரு நாள் வந்திருந்தாலும் 1 போடுங்கள்.

1926: தேசிய மனநல உதவி இலக்கம். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் கதைக்கலாம்.
1333: உளவளத்துணைக்கான இலவச இலக்கம்.
1990: சுவசெரிய அம்புலன்ஸ். எதையாவது குடித்தோ விழுங்கியோ இருந்தால் முதலில் இது. வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயலவேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

வீட்டில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி இருந்தால் வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். குளிசைகளை இன்னொருவர் வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் தரட்டும். இந்த எண்ணம் அலைபோல் ஏறி இறங்கும். ஏறிய நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் பலர் தப்பிவிடுகிறார்கள்.

"பொலிஸ் வருமோ" என்ற பயத்தில் வாய் திறக்காதவர்களும் உண்டு. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

துணைக்கு இருப்பவருக்கு: "உனக்கென்ன குறை" என்று தொடங்கவேண்டாம். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வராது, இருப்பவருக்குச் சொல்ல வழி கிடைக்கும். வயதானவர்கள் "போய்ச் சேர்ந்தா நல்லம்" என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள், அது வழக்கம்தானே என்று தாண்டிவிடுகிறோம். தாளுக்கு முன்னால் உட்கார்ந்தும் அதையே சொன்னால் பேச்சுவாக்கு என்று எடுக்காதீர்கள்.

7. கூட்டல்

பி.எச்.கியூ-9: ஒன்பதையும் கூட்டினால் 0 முதல் 27 வரை. கடைசியில் "இதனால் வேலை செய்வதும் வீட்டைப் பார்ப்பதும் மற்றவர்களோடு பழகுவதும் எவ்வளவு கடினமாயிற்று" என்று எண் இல்லாமல் ஒரு கேள்வி இருக்கும். கூட்டலில் சேராது என்பதால் எல்லாரும் வெறுமையாக விடுகிறார்கள். நிரப்புங்கள், வைத்தியர் அதை முதலில் பார்க்கக்கூடும்.

ஜி.ஏ.டி-7: 0 முதல் 21.

டபிள்யூ.எச்.ஓ-5: தலைகீழ். இங்கே எண் கூடினால் நல்லது. ஐந்தையும் கூட்டி 4ஆல் பெருக்குங்கள், 100க்குக் கணக்கு. பெருக்க மறந்துவிட்டு 20 என்று வந்தவர் ஒருவர் பயந்தே போனார். அவருடைய உண்மையான எண் 80.

எடின்பரோ: சில கேள்விகளுக்கு மேலிருந்து கீழே 0, 1, 2, 3, சிலவற்றுக்கு 3, 2, 1, 0. எண் அச்சிட்ட தாளை வைத்து இன்னொருவரைக் கூட்டச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி வெறுமையாக இருந்தால் 0 என்று எடுக்கவேண்டாம். திரும்பப் போய்க் கேளுங்கள். அநேகமாக அதுதான் பதில் சொல்லக் கடினமான கேள்வி.

8. எண்ணைப் பார்த்தபின் வரிகளைப் பாருங்கள்

பி.எச்.கியூ-9இல் 5 முதல் 9 வரை லேசான சோர்வு, 10 முதல் 14 நடுத்தரம், 15 முதல் 19 நடுத்தரத்துக்கும் மேல், 20உம் அதற்கு மேலும் கடுமை. 10 வந்தால் வைத்தியரிடம் போங்கள். ஜி.ஏ.டி-7இல் படிகள் 5, 10, 15. அங்கும் 10தான் கோடு. டபிள்யூ.எச்.ஓ-5இல் 50 அல்லது அதற்குக் குறைவென்றால் மேலும் பார்க்கவேண்டும். எடின்பரோவில் 13 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்காமல் காட்டவேண்டும், 10 வந்தாலே மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேருக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நித்திரை 3, களைப்பு 3, பசி 3, கவனம் 3, மற்றதெல்லாம் 0. இன்னொருவருக்கு ஈடுபாடு 3, சோர்வு 3, தாழ்வு 3, நித்திரை 3. முதலாமவருக்கு வைத்தியர் இரத்தம், தைராய்டு, சீனி என்று பார்க்கத் தொடங்கலாம். இரண்டாமவரோடு மனச்சோர்வு பற்றிக் கதைக்கத் தொடங்குவார். முதல் இரண்டு கேள்விகளை (ஈடுபாடு, சோர்வு) மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் மொத்தம் 10ஐத் தொடாவிட்டாலும் காட்டுவது நல்லது.

எண் 7தான், ஆனால் பதினைந்து நாளாகக் கடை திறக்கவில்லை என்றால்? போங்கள். 10க்குக் கீழே என்று சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது.

எவ்வளவு கூடினாலும் இது நோயின் பெயர் இல்லை. ஆளைப் பார்த்துக் கேட்டுத்தான் பெயர் வைப்பார்கள்.

9. தாளைக் கொண்டுபோவது

நகரத்தில் இருப்பவர்களுக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர், கந்தளாயில் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஆதார வைத்தியசாலையில் விசாரிக்கலாம். மனநல கிளினிக் என்ற பலகைக்கு முன்னால் நிற்க வெட்கம் என்றால் வெளிநோயாளர் பிரிவில் தொடங்குங்கள். அங்குள்ள வைத்தியர் பார்த்துவிட்டு அனுப்புவார். "வரிசையில ஊர்ச்சனம் கண்டா என்ன நினைக்கும்" என்பதுதான் நான் கேட்கும் முதல் கவலை. நியாயமான கவலைதான். அதே வரிசையில் நிற்கும் ஊர்ச்சனமும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நிற்கிறது. பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், முதலில் கதைத்துப் பார்க்க அதுவும் ஒரு இடம்.

கொண்டுபோகவேண்டியவை: தாள், கொப்பி, குடிக்கும் குளிசைகள் எல்லாம், வேறு கிளினிக் கொப்பி இருந்தால் அதுவும். உள்ளே போனதும் எண்ணில் தொடங்கவேண்டாம். "இரண்டு கிழமையா விடிய மூன்று மணிக்கே முழிப்பு வருது, ஒண்டிலயும் மனம் போகுதில்ல, இது நான் நிரப்பினது" என்று தாளை நீட்டுங்கள். நேரம் குறைந்த வைத்தியருக்கும் அது பிடிபடும்.

கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியவை இரண்டு. குடிப்பழக்கம் இருந்தால் உண்மையான அளவு. முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல், களைப்பும் இல்லாமல், காசை அள்ளி இறைத்துக்கொண்டு நாட்கணக்காக உற்சாகமாய்த் திரிந்திருந்தால் அதுவும். சோர்வுக்கான மருந்தை அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாகக் கொடுத்தால் மனநிலை மறுபக்கம் ஏறிவிடக்கூடும்.

10. அடுத்த தாள் எப்போது?

14 நாள் கழித்து. அதற்கு முன் நிரப்பினால் அதே நாட்களைத்தான் திரும்ப எண்ணுவீர்கள். தினமும் நிரப்புகிறவர்கள் கடைசியில் எண்ணைப் பார்த்து மனம் சோர்கிறார்கள். அது வேறு வருத்தம்.

ஒன்றிரண்டு எண் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்தவேண்டாம். பி.எச்.கியூ-9இல் 5 குறைந்தால் உண்மையான முன்னேற்றம், மொத்தம் 5க்குக் கீழே வந்தால் நன்றாகத் தேறியிருக்கிறீர்கள். மருந்து தொடங்கியவர்களுக்கு முதல் இரண்டு முதல் நான்கு கிழமைக்குப் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம். எண் 4க்கு வந்த அன்றே குளிசையை நிறுத்துவது நான் அடிக்கடி காணும் தவறு. தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வதுதான் வைத்தியர்களின் வழக்கம். நிறுத்துவதென்றால் அவர்களைக் கேட்டுத்தான்.

ஒவ்வொரு தாளிலும் திகதியும், அந்த இரண்டு கிழமையைப் பற்றி ஒரு வரியும் எழுதுங்கள். வாடைக்காலத்தில், நவம்பர் தொடங்கிக் கடல் பொங்கி வள்ளம் கரையில் கிடக்கும்போது, மீன்பிடிக் குடும்பங்களில் எண் ஏறுவதைக் கண்டிருக்கிறேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வைத்தியர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்கக்கூடும்.

11. இந்தத் தாள்கள் கேட்காதவை

காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது: இவற்றுக்குத் தாளே வேண்டாம், நேரே வைத்தியர்.

போரும் 2004 டிசம்பர் 26இன் கடலும் இந்த மாவட்டத்தில் தொடாத வீடு குறைவு. அந்த நினைவு திரும்பத் திரும்ப வந்து உலுக்கினால் அதற்கென்று பி.சி.எல்-5 என்ற 20 கேள்வித் தாள் உண்டு, 0 முதல் 80. அதைத் தனியாக வீட்டில் நிரப்பவேண்டாம். சில கேள்விகள் அந்த நாளுக்கே கூட்டிக்கொண்டு போகும். உளவளத்துணையாளர் முன்னிலையில் செய்யுங்கள்.

குடிக்கு ஓடிற் என்ற பத்துக் கேள்வித் தாள், 8 வந்தால் கவனிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு வேறு தாள்கள் இருக்கின்றன, பெரியவர்களுடையதைக் கொடுக்காதீர்கள்.

12. தாளை எங்கே வைப்பது

போனில் படம் எடுத்து வைத்தால் பிள்ளைகள் கையில் போகும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தவறிப் போன ஒன்றை எனக்குத் தெரியும். தாளாகவே வைத்திருங்கள். பெயர் எழுதவேண்டாம், திகதி போதும். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்தால் அடுத்த முறை மறக்காமலும் போகும். கடைசி நான்கு தாள் கையில் இருந்தால் வைத்தியருக்குப் போதும். அதற்கு முந்தியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம்.